பெல்டர்டன் வம்சமும் நித்தியானந்தனின் திதியும்

செத்தவர்களைத் தேடிக் கொடுப்பதுதான் கனகாம்பிகைக்கு வேலை. நேற்று முந்தாநாள் செத்தவர்களை அல்ல. முந்நூறு வருடத்துக்கும் மேலாக மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடக்கிறவர்களை. அமெரிக்காவில் வசதியாக வாழ்கிற கிழவர்களுக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்று மறுவாரமே ஒரு ஆசை வந்துவிடும். நாங்கள் யார், எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் எந்த ஊரான், அவன் பிரபுவா, பிரபுவின் குதிரையைக் கழுவியவனா என்று தெரிந்தாக வேண்டும். உடனே லண்டனில் கிளார்க்கன்வெல் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கம்பனிக்கு எழுதுவார்கள். கம்பனி என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மேல்மாடியில் சில மேசைகள், ஒரு கெட்டில், முதலாளி திருமதி ஹோலிஸ், சம்பளத்துக்குக் கனகாம்பிகை. அவள் பெயர் அங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை. ‘கனா’ என்று கத்தரித்துவிட்டார்கள். அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பெயருக்காகச் சண்டை பிடிக்கிற தெம்பெல்லாம் அவளுக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள். லண்டனுக்கு வந்து தையல் பக்டரியிலும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்திலும் நின்றாள். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கப் பழக்குகிற மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தது கல்வி மீது இருந்த காதலால் அல்ல. வகுப்பறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகளைப் பக்கத்தில் உட்கார்த்திப் படம் கீற விட்டார்கள். அந்தச் சூட்டில் பழகிய வித்தைதான் பின்னாளில் சோறு போட்டது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காலையில் நோர்பரியில் ரயில் ஏறி, விக்டோரியாவில் இறங்கி, முப்பத்தெட்டாம் பஸ்ஸில் குந்தி, ரோஸ்பரி அவெனியூவில் இறங்குவதற்குள் முழங்கால் இரண்டும் அன்றைய வேலையை முடித்துவிடும். மிச்ச நாளை அவள் கண்ணாலும் முதுகாலும் ஓட்டினாள்.

அந்த வருடம் மாரி முழுக்க அவளைப் பாடாய்ப் படுத்தியது பெல்டர்டன் குடும்பம். வேர்ஜீனியாவில் அவர்கள் பெரிய இடம். கர்னல் பெல்டர்டன் என்று ஒருவர் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதுகளில் கப்பலேறிப் போய், ஆற்றங்கரையில் புகையிலைத் தோட்டம் போட்டு, செங்கல் வீடு கட்டி, அடிமைகளை வாங்கி, சட்டசபையிலும் ஏறி உட்கார்ந்தவர். அவருடைய பிள்ளை, பேரன், பூட்டன் எல்லோருக்கும் தடித்த பைல் இருந்தது. அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகளைத் தேடித் தரும்படி கம்பனிக்கு இதுவரை ஒருவரும் எழுதவில்லை. வம்சம் என்பது சிலருக்குத்தான் இருக்கும் போலிருக்கிறது.

கம்பனிக்கு எழுதியவர் ஹாலம் பெல்டர்டன் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியர். பழைய குடும்பங்களுக்கென்று இருக்கிற ஒரு சங்கத்தில் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. தலைமுறைக்குத் தலைமுறை முறைப்படி கலியாணம் கட்டிப் பெற்ற பிள்ளைகளின் வழி வந்தவர் என்று நிரூபித்தால்தான் சேர்ப்பார்கள். எல்லாம் சரியாகப் போய்க் கர்னலின் மனைவியிடம் வந்து முட்டிக்கொண்டது. அவள் பெயர் ஆன். லண்டனில் ரால்ஃப் என்ற துணி வியாபாரியைக் கட்டியிருந்தவள். பிறகு வேர்ஜீனியாவில் போய் இறங்கி, நான் விதவை என்று சொல்லி, ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறில் கர்னலைக் கட்டினாள். விதவைதானா? ரால்ஃப் அதற்குள் செத்துவிட்டானா? அவன் சாகாவிட்டால் கர்னலுடைய கலியாணம் செல்லாது, பிள்ளைகள் முறையான பிள்ளைகள் இல்லை, பல் வைத்தியருக்குச் சங்கமும் இல்லை.

கனகாம்பிகை ரால்ஃபைத் தேடினாள். தேவாலயம் தேவாலயமாக அடக்கப் பதிவுகளைப் பார்த்தாள். லண்டன் பெருந்தீயில் எரிந்துபோன கோயில்களை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மரண சாசனங்களின் படச்சுருள்களை இயந்திரத்தில் போட்டு, கண் எரிய எரிய உருட்டினாள். அவன் ஞானஸ்நானம் பெற்றான், கலியாணம் கட்டினான், கடை வைத்தான். அதற்குப் பிறகு ஆள் இல்லை. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு எழும்பிப் போனவன் போல இருந்தது.

சித்திரை பிறந்ததும் பல் வைத்தியர் பொறுமை இழந்து தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலில் மரியாதை இருந்தது.

“அம்மா, ஆன் மறுமணம் செய்தாள் என்றால் அவர் இறந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? அந்தத் தரத்துப் பெண் வேறு எப்படிச் செய்திருப்பாள்?”

தரமாவது மண்ணாங்கட்டியாவது என்று கனகாம்பிகைக்கு நாக்கு நுனிவரை வந்தது. “ஆதாரம் இல்லை, ஐயா,” என்று மட்டும் சொன்னாள்.

திருமதி ஹோலிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வழி சொன்னாள். “கனா, ‘ஐம்பத்தாறுக்கு முன் மறைவு’ என்று எழுதிவிடு. இந்தத் தொழிலில் நாம் எல்லோரும் எழுதுவதுதானே.” அது உண்மை. அந்தத் தொழிலில் ‘முன்’ என்ற சொல்லைப் போல உபகாரம் செய்கிற சொல் வேறில்லை. எங்கே செத்தான், எப்படிச் செத்தான், செத்தானா என்றுகூடத் தெரியாத ஒருவனை அந்த ஒரு சொல்லால் கௌரவமாக அடக்கம் செய்துவிடலாம். கனகாம்பிகை இதுவரை அதை மனதாரச் செய்ததில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை முதுகு வலி தாங்க முடியவில்லை. பெல்டர்டன் என்ற பெயரே அவளுக்குக் கசந்தது. எழுதினாள், அச்செடுத்தாள், கடித உறையில் போட்டு ஒட்டினாள். ஒரு மனுசனைச் சாகடித்தோமே என்ற நினைப்பு மருந்துக்கும் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

புட்டில் இரண்டு வாய் உள்ளே போவதற்குள் கைத்தொலைபேசி அடித்தது. வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தம்பி யோகராஜா.

“அக்கா, சாப்பிட்டிட்டீங்களோ?”

“சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். என்ன விசயம், சொல்லு.”

“ஒண்டுமில்லை. சட்டன்காரர் போன் எடுத்தவை. ஒரு சின்ன விளக்கம் கேக்கினம்.”

யோகராஜா ஒண்டுமில்லை என்று தொடங்கினால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று பொருள். சட்டன்காரர் என்றது சம்பந்தி வீட்டாரை. கனகாம்பிகையின் ஒரே மகள் கம்சிகாவும் சட்டனில் இருக்கிற யனுஷன் என்ற பெடியனும் பல்கலைக்கழகத்திலேயே ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். கம்சிகா இப்போது பேர்மிங்கத்தில் கண் பரிசோதகர், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவாள். பிள்ளைகள் விரும்பினாலும் பெரியவர்கள் முறைப்படி பேச வேண்டும் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் என்ற முறையில் யோகராஜாதான் போய்ப் பேசினான். கனகாம்பிகை முதுகு வலியைச் சாட்டி நின்றுவிட்டாள். வலி பொய்யில்லை. ஆனால் வலி இல்லாவிட்டாலும் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாள்.

“அத்தான்ர திதி எந்த மாசம் எண்டு கேக்கினம்,” என்றான் யோகராஜா.

“ஆருக்குத் திதி?”

“அத்தானுக்கு.”

“அவருக்கென்னத்துக்குத் திதி?”

“அக்கா, கோபிக்காதேங்கோ. தகப்பனைப் பற்றிக் கேட்டவை. விட்டிட்டுப் போட்டார் எண்டு சொன்னா நல்லாவா இருக்கும்? காலமாகிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். வாயில தானா வந்திட்டுது.”

கனகாம்பிகை சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அவளுடைய கணவன் நித்தியானந்தன் தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டூட்டிங்கில் மீன் வாங்கி வருகிறேன் என்று வெளிக்கிட்டவன். திரும்பி வரவில்லை. பொலிஸ் வந்தது, கேட்டது, போனது. பாஸ்போர்ட்டும் நல்ல சப்பாத்தும் அவனோடு போயிருந்தன. மீன் வாங்க எவனும் பாஸ்போர்ட் கொண்டு போவதில்லை. கனகாம்பிகைக்கு அன்றே விளங்கிவிட்டது. பாரிஸில் கண்டோம் என்றார்கள், டொரொண்டோவில் ஒருத்தியோடு கண்டோம் என்றார்கள். அவளுக்கு முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை, அவளிடம் எதையும் கேட்கவும் இல்லை. கேட்கவில்லை என்பதால் அவளும் சொல்லவில்லை. வீட்டில் கம்சிகாவிடம்கூட அந்தப் பேச்சு இல்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, அதற்குமேல் ஊருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

“ஏனாம் திதி கேக்கினம்?”

“பெடியன்ர தாய் கடும் சைவம், அக்கா. திதி வாற மாசத்தில கலியாணம் வைக்கக்கூடாது எண்டு பாக்கிறா போல. ஒரு நாளைச் சொல்லுங்கோ, நான் அறிவிச்சு விடுறன்.”

“நானோ நாள் சொல்லுறது?”

“வேற ஆர்? நீங்கள்தானே உந்த வேலை செய்யிறனீங்கள்.”

கோபத்தில் அவளுக்குக் காது சுட்டது. “தம்பி, அவர் செத்திட்டாரெண்டா நான் ஆர்? பொட்டை அழிச்சுப்போட்டு, பிள்ளை மணவறையில இருக்கேக்கை நான் கடைசிக் கதிரையில இருக்கிறதோ? அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க உன்ர மனுசி மாலினியை அனுப்புறதோ?”

யோகராஜா அதை யோசித்திருக்கவில்லை. “அதைப் பிறகு பாப்பம், அக்கா. இப்ப உண்மையைச் சொன்னா அவையள் எங்களைப் பொய்க்காரர் எண்டு விலத்திடுவினம். பிள்ளையின்ர வாழ்க்கை,” என்று சொல்லி வைத்துவிட்டான். செத்த தகப்பன் ஒரு குறையில்லை, ஓடிப்போன தகப்பன் குறை. இந்தக் கணக்கு யோகராஜா போட்டதல்ல. ஊரே போட்டு வைத்திருக்கிற கணக்கு. ஆனால் செத்தவன் என்றால் அவனுக்கு ஒரு நாள் வேண்டும், அந்த நாளுக்கு ஒரு பிறையும் திதியும் வேண்டும், வருடா வருடம் அன்றைக்கு ஐயருக்கு அரிசி காய்கறி கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவன் மறந்துபோனான். திதியில் ‘முன்’ என்று எழுதித் தப்ப முடியாது.

பின்னேரம் அவளுக்கு மிடில்டன் வீதியில் இருக்கிற பதிவுகள் நிலையத்தில் வேலை. அங்கே கீழ்த்தளத்தில் நாட்டின் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாவற்றுக்கும் அட்டவணைப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். பிறப்புக்குச் சிவப்பு, கலியாணத்துக்குப் பச்சை, இறப்புக்குக் கறுப்பு. அவள் தேடுகிற பழைய காலத்து ஆட்களின் பதிவுகள் மேல்மாடியில் இருப்பதால், எத்தனையோ வருடமாக அந்தக் கறுப்புப் புத்தகங்களைக் கடந்து, பார்க்காதவள் போலப் படியேறிப் போவாள். அன்றைக்குப் படியேறவில்லை. தொண்ணூற்றோராம் ஆண்டுப் புத்தகத்தைக் கைபிடியில் பிடித்து இழுத்துச் சரிந்த மேசையில் போட்டாள். அரிசி மூட்டை போலக் கனம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் மாமனைத் தேடிக்கொண்டு முழங்கையால் இடித்தாள். கனகாம்பிகை நகரவில்லை. வருடம் வருடமாக இறக்கினாள், பார்த்தாள், ஏற்றினாள்.

நித்தியானந்தன் அதில் இல்லை. இந்த நாட்டில் அவன் சாகவில்லை. வேறு நாட்டில் செத்திருக்கலாம், இருக்கவும் இருக்கலாம். கடைசிப் புத்தகத்தை இடத்தில் தள்ளிவிட்டு நின்றபோது அவளுக்கு நெஞ்சில் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலைக் கண்டதும் தன் மீதே கோபம் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த இரவுகளிலும், வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்குக் கதவைத் தட்டிய காலைகளிலும் எங்கே போனான் இந்த மனுசன்? அவனுக்காக ஆறுதல் படுகிற மனமும் ஒரு மனமா? அலுத்துப்போய், மேல்மாடி வேலையைப் பாராமலே வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாள்.

நோர்பரியில் இறங்கி, ஏதாவது ஒரு நாளைப் பார்த்துவிடலாம் என்று தமிழ்க் கடையில் பஞ்சாங்கக் கலண்டர் இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் பழைய வருடத்துக் கலண்டர்களும் தேடித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டாள். அவன் போன நாளையே சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தாள். போனது போனதுதானே, அந்த நாளையே செத்த நாளாக்கினால் பாதிப் பொய்தானே. அப்படிச் சொன்னால் மகளுடைய கலியாணம் நடக்கும். தான் கடைசிக் கதிரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடா வருடம் ஐப்பசியில், எங்கேயோ உயிரோடு இருந்து சோறு தின்கிற மனுசனுக்கு இங்கே படையல் போட வேண்டும், அதையும் செய்துவிடலாம். இதைவிட எத்தனையோ செய்தாயிற்று. சப்பாத்தைக் கழற்றவும் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“வணக்கம். நான் யனுஷன்ர அம்மா, சிவகௌரி கதைக்கிறன். உங்கட தம்பியிட்டைக் கேட்டனான், அவர் பிறகு சொல்லுறன் எண்டார். அதுதான் உங்களிட்டையே கேப்பம் எண்டு எடுத்தனான். மனசில வச்சுக்கொள்ளாதேங்கோ. கம்சிகாவின்ர அப்பா எப்ப மோசம் போனவர்? காலமான நாள் தெரிஞ்சாப் போதும்.”

கனகாம்பிகை வாயைத் திறந்தாள். ஐப்பசி என்ற சொல் நாக்கில் இருந்தது. வெளியே வரவில்லை. காலையில் ரால்ஃபுக்கு எவ்வளவு லேசாக எழுதினாள்! அவனுக்குத் திதி கேட்க இனி யார் இருக்கிறார்கள், அவன் செத்தே இருக்கட்டும். இது அப்படியில்லை. இந்தக் கையால் அந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

“அவர் மோசம் போகேல்லை,” என்றாள். “தொண்ணூற்றோராம் ஆண்டு மீன் வாங்கப் போனவர், வரேல்லை. எங்களை விட்டிட்டுப் போட்டார். இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. தம்பி சொன்னது பிழை. உங்களுக்குச் சம்பந்தம் வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ. பிள்ளைக்கு நான் சொல்லுறன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. “ஒரு நிமிசம், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்,” என்று சிவகௌரி போனாள். கனகாம்பிகை ஒற்றைச் சப்பாத்தோடு நின்றாள். மகளுடைய முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“ஆ, சொல்லுங்கோ. அப்ப உங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு ஒண்டும் இல்லை?”

“என்ன?”

“அவர் விட்டிட்டுப் போனது எனக்கு எப்பவோ தெரியும். கம்சிகா யனுஷனுக்குச் சொல்லி, அவன் எனக்குச் சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை உங்கட தம்பி காலமாகிட்டார் எண்ட உடனை எனக்குப் பகீரெண்டு போச்சு. இப்ப கிட்டடியில எங்கையோ செத்து, உங்களுக்குச் செய்தி வந்திருக்காக்கும் எண்டு நினைச்சன். அப்பிடியெண்டா ஆட்டைத் திவசம் முடியாமக் கலியாணம் வைக்கேலாதே! பிள்ளையள் ஒரு வருசம் காத்திருக்க வேணுமே எண்டு ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை.”

கனகாம்பிகை கதிரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப ஆவணியிலயே வைப்பம்,” என்றாள் சிவகௌரி. “நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தா நேரையே கேட்டிருப்பன். வாற கிழமை வாங்கோ. முதுகுக்கு என்ன பூசுறனீங்கள்?”

முதுகுக்குப் பூசுகிற எண்ணெயைப் பற்றி இருவரும் நிறைய நேரம் பேசினார்கள். வைத்த பிறகு கனகாம்பிகை அப்படியே இருந்தாள். பதினைந்து வருடமாக அவள் கட்டிக் காத்த விசயத்தை ஒரு பெண் நேரே கேட்டாள், அவள் சொன்னாள், முடிந்துவிட்டது. தான் ஒரு நாளும் வாய் திறக்காத கதையை மகள் தனியே சுமந்து, நம்பின ஒருவனிடம் இறக்கி வைத்திருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. யாராவது முன்னரே கேட்டிருக்கக் கூடாதா என்று ஊர் மீது கோபமும் வந்தது.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. யோகராஜா. குரலில் உற்சாகம் தெரிந்தது.

“அக்கா, நாள் கண்டுபிடிச்சிட்டன். மார்கழியில போடுவம். மார்கழியில எப்பிடியும் ஒருத்தரும் கலியாணம் வைக்கிறேல்லை, ஆருக்கும் இடைஞ்சல் இல்லை. ஏகாதசியெண்டு சொல்லுவம், நல்ல சாவு.”

“வேண்டாம், தம்பி,” என்றாள் கனகாம்பிகை. “அந்த மனுசனை உயிரோட விடு. எங்கையெண்டாலும் இருந்திட்டுப் போகட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் உயிரோடு இருக்கட்டும் என்று, அவன் போனதற்குப் பிறகு அவள் வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.